மஹாசீர் என்னும் மீன்பெயரின் வரலாறு

ஆற்று மீன்களுக்கும் குளத்து மீன்களுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுட் சில, நமது தேசத்துப் பாஷைகளிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை. ரோகு, கட்லா என்னும் பெயர்கள் வடநாட்டுக் குளங்களிலிருந்து சென்றவை. நமது கட்டுமரம் கடல் வழியே போய் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' என்று நிலைபெற்றதை யாவரும் அறிவர். அவ்வாறு சென்ற பெயர்களுள் 'மஹாசீர்' என்பதும் ஒன்று. அது எங்கே பிறந்தது, அதன் பொருள் யாது, தென்னாட்டு ஆறுகளுக்கு அது எவ்விதம் வந்தது என்பவற்றை இங்கே ஆராய்வோம். சொல்லின் பிறப்பைத் தேடுவது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். இந்தச் சொல்லைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பொருந்தாது. பல மீன்களை ஒரே பெயரால் அழைத்துவந்தபடியால், காவேரிக்கே உரிய மீன் ஒன்று அருகிப்போவதை நெடுங்காலம் ஒருவரும் கவனியாதிருக்க நேர்ந்தது.

முதலில் மீனை அறிந்துகொள்வோம். மஹாசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் தேங்கிய குளத்தை விரும்புவதன்று. பாறைகளும் கூழாங்கற்களும் நிறைந்த, தெளிந்து விரைந்தோடும் ஆற்றுநீரை நாடுவது. வாயின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டாக நான்கு மீசைகள் உண்டு. உதடுகள் தடித்தவை. தாடையிற் பல் கிடையாது. தொண்டையினுள்ளே வலிய பற்கள் இருக்கின்றன. நத்தை, நண்டு முதலியவற்றை அங்கே நசுக்கி விழுங்கும். செதிள்கள் மிகப் பெரியவை. ரோகு மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரையுள்ள ஒரு வரிசையை எண்ணினால் 40-க்குக் குறையாத செதிள்கள் இருக்கும். மஹாசீருக்கோ அவ்வரிசையில் 22 முதல் 28 வரையே காணப்படும். மழைக்காலத்து வெள்ளத்தில் ஆற்றின் மேற்பகுதியை நோக்கி ஏறிச்சென்று கூழாங்கற்களிடையே முட்டையிடும். தமிழில் இதனைப் பூமீன் கெண்டை என்று வழங்குவதாக மீன் நூல்கள் குறிப்பிடுகின்றன. 1946-ஆம் வருஷத்தில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி நதியில் தூண்டிலிற் பிடித்த மீன் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. தூண்டிலில் அகப்பட்ட மஹாசீர்களுள் அதுவே மிகப் பெரியது என்று இன்றளவும் சொல்லப்படுகிறது.

தூண்டிலிட்டு மீன்பிடிக்கும் வினோதத்தை ஆங்கிலேயர்தாம் இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர் என்று எண்ணலாகாது. மேலைச் சாளுக்கிய அரசனான மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் சம்ஸ்கிருத நூலில், மீன்பிடி வினோதத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆயினும் மஹாசீர் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஏறியது, கும்பினி உத்தியோகஸ்தர்களும் பட்டாள அதிகாரிகளும் கங்கைச் சமவெளியிலும் இமயமலை அடிவாரத்து ஆறுகளிலும் பழகத் தொடங்கிய பின்னரே. அவர்கள் கரையிலிருந்த செம்படவர்களையும் படகோட்டிகளையும் கேட்டனர். கேட்டதைத் தம் காதுக்குப் பட்டவாறு எழுதினர். ஆகவே ஆங்கில நூல்களில் மஹாசீர், மஹாசிர், மஹசீர், மாசீர் என்று பலவிதமாக எழுத்து வேறுபடுகிறது.

இவர்களுள் முக்கியமானவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் என்னும் வைத்தியர். 1800-1801 வருஷங்களில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய சீமைகளைச் சுற்றிப் பார்த்துப் பெரிய நூல் எழுதியவர் இவரே. பின்னர் வங்காளத்திற்குச் சென்று, கங்கையிலும் அதன் கிளைகளிலும் உள்ள மீன்களை ஆராய்ந்து, 1822-ஆம் வருஷத்தில் தமது மீன் நூலை வெளியிட்டார். அந்நூலில் இவர் கையாண்ட முறை பாராட்டத்தக்கது. புதிய மீனுக்குத் தாமாக ஒரு லத்தீன் பெயரைப் புனையாமல், அவ்விடத்து ஜனங்கள் சொன்ன பெயரையே பெரும்பாலும் விஞ்ஞானப் பெயராக வைத்தார். மோசல், டார், புடிடோரா என்ற மூன்று பெயர்கள் அவ்வாறு அமைந்தவை. ஜனங்கள் மூன்று பெயர் வழங்கியபடி இவரும் மூன்று மீனாக எழுதிவைத்தார். 'டார்' என்னும் நாட்டுப் பெயரையே பிறகு 1834-இல் கிரே என்னும் ஆங்கில விஞ்ஞானி முழு வகுப்புக்கும் பெயராக ஆக்கினார். மஹாசீர் மீன்கள் யாவும் இன்றைக்கும் டார் என்ற வகுப்பின்கீழ் எண்ணப்படுகின்றன.

இனி, மஹாசீர் என்ற சொல்லின் பொருளைக் கவனிப்போம். இதைப்பற்றி அபிப்பிராயங்கள் பல. ஆங்கிலத்திற் கலந்த இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதி இவ்விஷயத்தை விசாரித்திருக்கிறது. அதனை இயற்றிய யூல், பர்னல் என்னும் இருவருள், பர்னல் என்பவர் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து, அங்குள்ள அரண்மனை ஏட்டுச்சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவராதலின் நமக்கு அந்நியரல்லர். ஹிந்தியில் மஹாசிர், மஹாசேர், மஹாசோலா என்று மூன்று வடிவங்கள் வழங்குவதை அவ்வகராதி காட்டுகிறது. பெரிய தலையையுடையது என்று பொருள்படும் 'மஹாசிரஸ்' என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பெரிய செதிளையுடையது என்று பொருள்படும் 'மஹாசல்கம்' என்பது மற்றொன்று. அகராதிக்காரர்கள் பின்னதையே அதிகம் பொருத்தமென்று கருதினர். டாக்கா நகரத்தில் இம்மீனின் செதிள்களைக்கொண்டு சீட்டாட்டத்துக்குச் சீட்டுகள் செய்தனர் என்று ஹாமில்டன் எழுதியிருப்பதை அதற்கு ஆதரவாக எடுத்துக்காட்டினர். பெரிய வாயையுடையது என்று பொருள்படும் 'மஹா ஆஸ்யம்' என்பதே மூலம் என்று தாமஸ் என்பவர் கூறியதையும் அவர்கள் குறித்துள்ளனர். இவை தவிர, பாரசீகத்தில் மாஹி என்பது மீன், ஷேர் என்பது சிங்கம் அல்லது புலி; ஆகவே மஹாசீர் என்பது புலிமீன் என்று சொல்வாரும் உண்டு. மஹா என்பதோடு, கெண்டை வகை மீனைக் குறிக்கும் சபரம் என்ற சம்ஸ்கிருதச் சொல் சேர்ந்து 'பெருங்கெண்டை' என்ற பொருளில் இது பிறந்தது என்பது மற்றொரு சாரார் கொள்கை.

இவற்றுள் எது தகும்? கேட்பதற்கு இனிமையாயிருப்பதால் மட்டும் ஒரு சொல்லாராய்ச்சியை ஏற்றுக்கொள்ளலாகாது. அது இரண்டு பரீட்சைகளில் தேறவேண்டும். சொல்லும் பொருளும் மீனுக்குப் பொருந்தவேண்டும்; ஜனங்கள் வாயில் வழங்கும் வடிவங்களுக்கும் அது காரணம் காட்டவேண்டும்.

தலையை எடுத்துக்கொள்வோம். புடிடோரா என்ற இமயமலை மீனுக்குத் தலை நீளமானதே. உடலின் உயரத்தைவிடத் தலையின் நீளம் அதிகம். ஆனால் டார் என்ற மீனுக்கு உடல் உயர்ந்தும் தலை அதனினும் குறுகியும் இருக்கின்றன. இரண்டையும் மஹாசீர் என்றே சொல்லுகிறார்கள். ஆகவே 'பெருந்தலை' என்பது பாதிக்குத்தான் பொருந்துகிறது. செதிள் எல்லா மஹாசீருக்கும் பெரியதே. எனவே பொருளளவில் மஹாசல்கம் தேறிவிடுகிறது. புலிமீன் என்பது தூண்டிற்காரர்கள் இரவில் கூடாரத்திலிருந்து பேசிக்கொள்வதற்கு ஏற்றது. மஹாசோலா என்ற வடிவத்தை அது எவ்வாற்றானும் விளக்கமாட்டாது.

சபரம் என்ற கொள்கைக்கு வலுவான சாட்சி நேபாளத்தில் இருக்கிறது. அந்நாட்டார் இம்மீனை 'மஹா' என்னும் அடையின்றிச் சஹர் என்றே அழைக்கின்றனர். சம்ஸ்கிருதத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் வல்லொலிப் பகரம் பிராகிருதத்தில் ஹகரமாகத் தேய்வது உண்டு. முக்தாபலம் என்பது முத்தாஹலம் ஆனது போல. அம்முறையிற் பார்த்தால் சபரம் சஹர் ஆவதும், மஹாசஹர் குறுகி மஹாசேர் ஆவதும் இயல்பே. வங்காளத்துக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே இம்மீனுக்கு மஹாஷோல் என்று பெயர். ஷோல் என்பது அங்கே நமது விரால் மீன். வங்காளி ஒருவன் இச்சொல்லைக் கேட்டவுடன் 'பெரு விரால்' என்றே பொருள்கொள்வான். விராலுக்கும் மஹாசீருக்கும் குடும்ப உறவு கிடையாதென்பதும் உண்மை. ஆனால் பெயரிடுகிறவர்கள் மீனை அறுத்துப் பார்த்தா பெயரிடுகிறார்கள்? ஹிந்தியில் வழங்கும் மஹாசோலாவும் இதன் இனமாகவே தோன்றுகிறது.

ஆகவே, பண்டிதர்கள் ஒரே மூலத்தைத் தேடியதிலேதான் சிக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். மேற்கிலும் மலைநாட்டிலும் பெருங்கெண்டை என்னும் பொருளில் ஒரு பெயரும், கிழக்கே பெருவிரால் என்னும் பொருளில் மற்றொரு பெயரும் வழங்கியிருக்கவேண்டும். இரண்டும் 'மஹா' என்று தொடங்குவதாலும், இரண்டும் பெரிய ஆற்று மீனைக் குறிப்பதாலும், அந்நியர் காதில் அவை ஒன்றாயின. இது என் ஊகமே. எனினும் கிடைத்துள்ள வடிவங்கள் எல்லாவற்றுக்கும் இது இடங்கொடுக்கிறது.

வடக்கே பிறந்த இப்பெயர் தெற்கே வந்தது ஜனங்களின் வாய்மொழியால் அன்று; ஆங்கிலப் புத்தகங்களின் வழியாகத்தான். மேலே சொன்ன ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர். தென்கன்னட ஜில்லாவில் கலெக்டராக இருந்தவர். அவர் 1873-இல் எழுதிய 'இந்தியாவில் தூண்டில்' என்று பொருள்படும் நூல், இத்தேசத்திலிருந்த ஆங்கிலத் தூண்டிற்காரர்களுக்குப் பல காலம் பாடப்புத்தகம்போல விளங்கியது. தம் நாட்டு ஸால்மன் மீனுடன் மஹாசீரை ஒப்பிட்டு, மஹாசீரே போராட்டத்தில் மேம்பட்டது என்று அவர் எழுதியதால், அப்பெயரின் புகழ் பரவிற்று. தெற்கே காவேரியிலும் அதன் உபநதிகளிலும் அகப்பட்ட பெரிய கெண்டைகளுக்கும் அவர்கள் அப்பெயரையே சூட்டினர். 1906-இலும் 1948-இலும் மஹாசீர் பிடிப்பதைப்பற்றி வேறு இரு ஆங்கில நூல்கள் வெளிவந்தன. சிந்து நதி தொடங்கி மலாய் நாடு வரையிலும் டார் வகுப்பில் சுமார் 16 இனங்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிடுகின்றனர். அவ்வளவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். வேறு வகுப்பைச் சேர்ந்த வடகிழக்கு மலை மீன் ஒன்றுங்கூடச் சாக்லேட் மஹாசீர் எனப்படுகிறது.

சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிப்பவர்களுக்கு இத்தகைய தொல்லை புதிதன்று. ஒரு கிராமத்தில் முனியப்பன் என்ற பெயரில் நான்கு அங்கத்தினர்கள் இருப்பார்கள். தகப்பனார் பெயரும் வீட்டு அடையாளமும் எழுதாமல் முனியப்பன் என்று மட்டும் பேரேட்டில் பற்று வைத்துவிட்டால், ஒருவன் வாங்கிய கடன் மற்றொருவன் தலையில் ஏறும். இறந்துபோனவன் உயிரோடிருப்பதாகவும் கணக்கு காட்டும். காவேரியில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே.

காவேரியின் பெருமீன் மற்ற மஹாசீர்களைப் போன்றதன்று. அதன் தலைக்குப் பின்னே, காளையின் திமில்போல முதுகு உயர்ந்து நிற்கும். வால் துடுப்பு செம்மஞ்சள் நிறமாக இருக்கும். அதைத் திமில் மஹாசீர் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைத்துவந்தனர். உலகப் புகழ் பெற்ற மீனேயாயினும், அதற்குச் சரியான விஞ்ஞானப் பெயர் இருக்கவில்லை. தக்ஷிணத்து மீன்களைப்பற்றி ஸைக்ஸ் என்பவர் 1839-இல் வெளியிட்ட முஸுல்லா என்ற பெயரை அதற்குப் பல நூல்களில் எழுதிவந்தனர். அப்பெயர் உண்மையில் வேறு வகுப்பு மீன் ஒன்றுக்கு உரியதென்று பின்னர் தெளிவாயிற்று. அதே ஸைக்ஸ், பூனாவைச் சூழ்ந்த நதிகளிலிருந்து விவரித்த குத்ரி என்னும் மீன் மற்றொரு மஹாசீர். அது கிருஷ்ணா நதிப் பிரதேசத்தைச் சேர்ந்தது, துடுப்புகள் நீலச் சாம்பல் நிறமுடையவை, திமில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாடெங்கும் மஹாசீர் குறைந்துவருகிறது என்ற கவலை உண்டாயிற்று. வெடிவைத்தல், நஞ்சு கலத்தல் முதலிய கொடிய முறைகளால் ஆற்றின் ஒரு மடுவிலுள்ள தாயும் குஞ்சும் ஒருங்கே மடிந்தன. அணைகள் எழுந்தபின், முட்டையிட மேலேறும் வழியும் அடைபட்டது. பம்பாய்க்கு அருகே லோணாவ்லாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியார் குத்ரி மஹாசீரைச் செயற்கை முறையிற் சினைப்படுத்தி, குஞ்சு பொரிக்கவைப்பதில் வெற்றி கண்டனர். அது மெச்சத்தக்க முயற்சியே. அங்கிருந்து குஞ்சுகள் பல ராஜ்யங்களுக்கும் அனுப்பப்பட்டன. 1970-ஆம் வருஷங்களின் பிற்பாதி தொடங்கிக் காவேரியிலும் அவை விடப்பட்டன. மஹாசீர் குறைந்த ஆற்றில் மஹாசீரை விடுகிறோம் என்பதே எண்ணம். ஏட்டில் இரண்டும் ஒரே பெயர். ஆற்றில் இரண்டும் வேறு மீன்.

இதன் விளைவு தெரியவந்தது தூண்டில் முகாம்களின் பதிவேடுகளால். காவேரிக் கரையிலிருந்த அம்முகாம்களில், பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து, எடையும் இனமும் குறித்துக்கொண்டு, உயிருடன் திரும்ப விடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை விஞ்ஞானிகள் பரிசீலித்தனர். நீலத்துடுப்பு மீன் ஆண்டுதோறும் பெருகிவந்தது. திமில் மீன் குறைந்துகொண்டே போயிற்று. அகப்பட்ட சிலவும் வரவரப் பெரிய உருவினவாகவே இருந்தன. பெரிய மீன் அகப்படுவது நல்ல அடையாளமென்று நினைத்தல் கூடாது. கிழவர்கள் மட்டும் இருந்து, தொட்டிலில் பிள்ளை இல்லாத கிராமத்தைப் போன்றது அந்நிலை. புதிய தலைமுறை பிறக்கவில்லை என்பதே அதன் பொருள். இவ்வளவும் நடந்த காலமெல்லாம், 'காவேரியில் மஹாசீர் ஏராளம்' என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகாது. பெயர் அவ்வாறு மறைத்துவைத்தது. பதிவேட்டில் நிறத்தையும் திமிலையும் பிரித்தெழுதியவர்கள் இல்லாதிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிராது.

பெயர்ச் சிக்கல் தீர்ந்த விதமும் அறியத்தக்கது. கேரளத்தில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கும் பாம்பாற்றிலிருந்து, 2007-ஆம் வருஷத்தில் புதிய மஹாசீர் இனம் ஒன்று விவரிக்கப்பட்டது. இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மீன் ஆராய்ச்சியாளர் ரெமா தேவி அவர்களைக் கௌரவிக்கும் வகையில் அதற்கு டார் ரெமாதேவியை என்று பெயரிட்டனர். சிற்றாற்று மீனாகிய அதனையும் காவேரியின் புகழ்பெற்ற திமில் மீனையும் அப்போது ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிற்பாடு மோயாற்றில் கிடைத்த திமில் மீன்களை உருவ அளவாலும் மரபணுச் சோதனையாலும் ஒப்பிட்டபொழுது, இரண்டும் ஒன்றே என்று 2018-இல் நிரூபணமாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாகத் தூண்டிற்காரர் கொண்டாடிய மீனுக்கு அவ்வருஷந்தான் நிலையான பெயர் கிடைத்தது. அதே வருஷத்தில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செந்நிறப் பட்டியலில் மிகக் கடுமையான அபாயத்திலுள்ள இனங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. பெயரில்லாத மீனை அப்பட்டியலில் ஏற்ற வழியில்லாமல் இருந்ததென்பதையும் கவனிக்க.

நமது மாகாணத்தில் ஐக்கிய நாணய இயக்கத்துக்கு அறிக்கை எழுதி வழிகாட்டிய ஸர் பிரெடரிக் நிக்கல்சனே, 1907-இல் மீன் இலாகா தோன்றுவதற்கும் காரணராயிருந்தார். ஆதலின் மீனும் சங்கமும் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைகளே. ஆற்றிலோ அணையிலோ விடுவதற்கு மீன்குஞ்சு வாங்கும் செம்படவர் சங்கத்தார், விண்ணப்பத்தில் மஹாசீர் என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த நதியின் தாய்மீனிலிருந்து பெற்ற குஞ்சு என்று கேட்டு, அதனையும் எழுதி வாங்கவேண்டும். தாய்மீன் பிறிதொரு நதியினது என்றால் அக்குஞ்சுகளை ஆற்றில் விடாமல் நிறுத்திக்கொண்டு, மீன்துறை அதிகாரிக்குத் தெரிவிப்பது நலம்.

காவேரி, பவானி, மோயாறு, அமராவதி ஆகிய ஆறுகளில் வலைவீசுவோர் இரண்டையும் கண்ணாற் பிரித்தறிவது கடினமன்று. தலையின் பின்பக்கத்தில் மேடு எழுந்து முதுகுத் துடுப்பின் அடிவரை செல்லுமாயின், வாலும் செம்மஞ்சளாயிருக்குமாயின், அது நம் ஆற்று மீன். உடனே தண்ணீரில் விட்டுவிடத் தக்கது. முதுகு மேடின்றி வளைந்து, துடுப்புகள் நீலச் சாம்பலாக இருந்தால், அது கிருஷ்ணா நதிப் பக்கத்திலிருந்து வந்தது. சங்கத்தின் தினசரிப் புத்தகத்தில் மீனின் எடைக்கு அடுத்தாற்போல வால் நிறம், திமில் உண்டா இல்லையா, பிடித்த மடுவின் பெயர், அவ்வூரார் அம்மீனைச் சொல்லும் பெயர் என்று நான்கு கலங்கள் கோடிட்டுக்கொண்டால், அதற்கு ஒரு பக்கத்திலேயே இடம் இருக்கும்.